புள்ளி வைக்காத முட்டை

என் அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு இவ்வளவு காலம் பிடித்ததற்கு ஒரே காரணம், நான் அவளுக்கு நாத்தனார். அந்தப் பதவிக்கென்று சில கடமைகள் இருக்கின்றன. குற்றம் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததை அண்ணன் காதில் போடுவது, அண்ணன் கண்டுகொள்ளாவிட்டால் அவனையும் சேர்த்துத் திட்டுவது. ஒரே வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக இதை ஒரு குறையும் வைக்காமல் செய்து வந்திருக்கிறேன்.

அண்ணி பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர். நான் பல் செட் செய்கிறவள். டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், நான் லேபில் உட்கார்ந்து பல்லைச் செய்து அனுப்புவேன். மற்றப் பற்களோடு சேர்த்து வைத்தால் எது நிஜம், எது நான் செய்தது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். இந்தக் கதையே அந்தத் தற்பெருமையால் வந்ததுதான்.

எங்கள் மொட்டை மாடி முழுக்கப் புறாக்கூடு. கல்யாணமாகி வந்த வருஷம் அண்ணி இரண்டு ஜோடியோடு ஆரம்பித்தாள். அண்ணனுக்கு இறகுத் தூசி ஒத்துக்கொள்ளாது. மாடிக்குப் போனால் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு திருடன் மாதிரிதான் போவான். "என்னைவிட அதுங்கதான் முக்கியமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். அண்ணி கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்கு இப்ப அந்தப் பேச்சு?" என்றாள். அதற்கப்புறம் அவன் கேட்கவே இல்லை.

அந்தப் புறாக்கள் அழகு. அதை மறுத்தால் என் கண் அவிந்துவிடும். பால் வெள்ளை உடம்பு, சிறகு மட்டும் தேன் நிறம், மார்பில் சட்டைக்குச் சுருக்கு வைத்துத் தைத்த மாதிரி சுருண்ட இறகு, கோலிக்குண்டாக உருண்ட தலை. அந்தத் தலையில் அலகு இருக்கிற இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாவற்றிலும் சிறந்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் அலகு உடைந்த அரிசி அளவுதான் என்பதால் அவளுக்கு நொய் என்று பேர். எந்த ஆணோடு எந்தப் பெண்ணைச் சேர்த்தால் எத்தனாவது தலைமுறையில் அலகு இன்னும் ஒரு மயிரிழை குறையும் என்று அண்ணி நோட்டுப் போட்டு, படம் வரைந்து, இருபது வருஷம் பொறுத்திருந்து செய்த அழகு அது. எங்கள் கூடத்து அலமாரியில் பதினொரு கோப்பைகள். போட்டி நடத்தும் சங்கத்தின் விதிப் புத்தகத்தில் 'அலகு எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு சிறப்பு' என்ற வரியை எழுதியதே அண்ணிதான். அதுவும் அவளுடைய முத்து முத்தான கையெழுத்தில்.

ஆனால் அந்த அலகை வைத்துக்கொண்டு குஞ்சுக்கு ஊட்ட முடியாது. புறாக்குஞ்சு தாயின் வாய்க்குள் தன் அலகை விட்டுத்தான் குடிக்கும். தாய்க்கும் தகப்பனுக்கும் கழுத்துப்பையில் பால் மாதிரி ஒன்று சுரக்கும், அதைக் கக்கிக் கொடுக்கும். இந்த ரகத்துக்கு வாய் அளவு கூடிவராது. சில குஞ்சுகளுக்கு ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரவே தெம்பு போதாது, அண்ணிதான் ஊசி முனையால் கீறி உதவுவாள். அதனால் கூட்டின் இன்னொரு பக்கத்தில் சாதாரணச் சாம்பல் புறாக்கள் நாலு ஜோடி இருக்கும். நாங்கள் அவற்றை ஆயா ஜோடி என்போம். நொய் முட்டையிட்டதும் அதை எடுத்து ஆயாவிடம் வைத்துவிட வேண்டும். ஆயாவின் சொந்த முட்டை குப்பைக்குப் போகும். நொய்க்கு அடியில் போலி முட்டை. அடைகாக்க ஒன்றும் இல்லாவிட்டால் உடனே அடுத்த முட்டையிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் என்பதற்காக அந்த ஏற்பாடு.

"பாவமா இல்லையா அண்ணி?" என்று நான் கேட்டிருக்கிறேன். பாவம் பார்த்து இல்லை, வம்புக்குத்தான்.

"இந்த ரகத்துக்குத் தாய்ப்பாசமே கிடையாதும்மா. முட்டையைப் போட்டுட்டு மறந்துடும்" என்பாள். சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் இதையே சொல்வாள். அவர்களும் தலையாட்டிக்கொண்டு எழுதிக்கொள்வார்கள்.

போலி முட்டை செய்து கொடுப்பது என் வேலை. கடையில் விற்கும் பிளாஸ்டிக் முட்டையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நான் பல்லுக்கு அச்செடுக்கிற மாவில் வார்த்து, உள்ளே மணல் வைத்து எடையைச் சமன் செய்து, மேலே மெருகு பூசி, நிஜ முட்டையில் இருக்கிற சின்னச் சின்ன சொரசொரப்பைக்கூட விடாமல் செய்வேன். அண்ணியின் கண்டிப்பான உத்தரவு ஒன்று உண்டு. போலியின் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கடைசியாகச் செய்த இரண்டும் அவ்வளவு கச்சிதமாக வந்திருந்தன. அதில் புள்ளி வைக்க எனக்கு மனசு வரவில்லை. அழகு கெட்டுப்போகுமே!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணி பள்ளிக்கூடப் படியில் தவறி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். முழங்கால்வரை மாவுக்கட்டு. மாடி ஏற வழியில்லை. போட்டிக்கு எட்டு மாதம்தான் இருந்தது. நொய்க்கும், அவளுக்குச் சமமாகச் சின்ன அலகுள்ள ஆணுக்கும் அப்போதுதான் ஜோடி சேர்ந்திருந்தது. இதிலிருந்து வரும் குஞ்சுதான் இருபது வருஷ உழைப்பின் முடிவு, பன்னிரண்டாவது கோப்பை, அதற்கு மேல் குறைக்க அலகே இருக்காது என்று அண்ணி படுக்கையில் இருந்தபடி சொல்லிக்கொண்டே இருந்தாள். மாடிப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நொய் இரண்டு முட்டையும் இட்டுவிட்டாள். எடுத்துக்கொண்டு வந்து பஞ்சு விரித்த தட்டில் வைத்தேன். பக்கத்திலேயே என் முட்டைகள் இரண்டு. நாலும் ஒன்றாக இருக்கிற அழகைப் பார்த்து நானே சொக்கிப்போய் நின்றேன். கீழேயிருந்து அண்ணி கத்தினாள்.

"கட்டுக்குள்ள அரிக்குதுடீ! உயிர் போகுது! அந்தப் பின்னல் ஊசியைக் கொண்டா!"

இறங்கிப் போய் ஊசியைக் கொடுத்து, எந்த இடம், கொஞ்சம் கீழே, இல்லை மேலே என்று கால் மணி நேரம் சேவை செய்துவிட்டு மேலே வந்தேன். தட்டில் நாலு முட்டை. எது எது என்று தெரியவில்லை.

வெயிலில் தூக்கிப் பிடித்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஆனால் என் கைவேலையை நானே வெயிலில் பிடித்துப் பார்ப்பதா? கண்ணாலேயே கண்டுபிடிப்பேன் என்று குனிந்து பார்த்தேன். இரண்டு முட்டைகள் மிக இயல்பாக இருந்தன. மற்ற இரண்டு கொஞ்சம் வழவழவென்று, செய்தது மாதிரி இருந்தன. இயல்பாக இருந்தவற்றை ஆயாவிடம் வைத்தேன். செய்தது மாதிரி இருந்தவற்றை நொய்யிடம் வைத்தேன். இதற்கு மேலும் சொல்ல வேண்டுமா?

ஏழாம் நாள் டார்ச் அடித்துக் கரு பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள் அண்ணி. அன்று ஒரு கல்யாண மாப்பிள்ளைக்கு முன்பல் அவசர ஆர்டர். "பாத்தாச்சு, நல்லா இருக்கு!" என்று படிக்கட்டிலிருந்தே கத்திவிட்டு லேபுக்கு ஓடினேன்.

பதினெட்டாம் நாள் ஆயாவின் பெட்டியில் ஒன்றும் நடக்கவில்லை. பத்தொன்பதாம் நாளும் இல்லை. "மெதுவா வரும் அண்ணி, உங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாமே சோம்பேறிங்கதானே" என்று கீழே வந்து ஜோக்கடித்தேன். இருபதாம் நாள் காலையில் ஒரு முட்டையை எடுத்து, பழக்க தோஷத்தில், பல்லில் தட்டிப் பார்த்தேன். டொக் என்றது. அது மாவு.

நொய்யின் பெட்டிக்கு ஓடினேன்.

ஒரு முட்டையில் விரல் நுனி அளவு விரிசல் விழுந்து அப்படியே நின்றிருந்தது. அதற்குள் இருந்தது ஓட்டை உடைக்க முடியாமல் உள்ளேயே போய்விட்டது. இன்னொன்று எப்படியோ வெளியே வந்திருந்தது. மஞ்சள் ரோமத்தோடு என் கட்டைவிரல் பருமன் குஞ்சு. அதன் முகம், கண், கழுத்து எல்லாம் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. "அண்ணி!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்திருக்கும்.

அண்ணி மாடி ஏறினாள். நடந்து இல்லை. படியில் முதுகுகாட்டி உட்கார்ந்து, கையை ஊன்றி, மாவுக்கட்டுக் காலை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, பதினேழு படி. நானும் அண்ணனும் தூக்கப் போனால் கையைத் தட்டிவிட்டாள். மேலே வந்து பெட்டிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள். குஞ்சை உடனே எடுக்கத்தான் கை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது.

நொய் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொல்ல வேண்டும். குனிந்து அந்த நொய் அலகைத் திறந்து குஞ்சின் வாயில் பொருத்துவாள், கழுத்தை இழுத்து இழுத்துப் பாலைக் கக்குவாள். பால் குஞ்சின் முகத்தில் வழியும். வாய்க்குள் போகாது. குஞ்சு தேடும். மறுபடி குனிவாள். அவள் ஓய்ந்தால் ஆண் வந்து குனியும். இரண்டு நாளாக இதே வேலையாக இருந்திருக்கிறார்கள். காய்ந்து ஒட்டியிருந்தது எல்லாம் பால்தான்.

அண்ணி குஞ்சை எடுத்து என் கையில் வைத்தாள். "ஆயாகிட்ட வை" என்றாள். ஆயா மாவு முட்டையை அடைகாத்திருந்தாலும் பால் சுரந்துதான் இருந்தது, தயங்காமல் ஊட்டியது. ஆனால் குஞ்சுக்கு இழுத்துக் குடிக்கத் தெம்பு இல்லை. மறுநாள் மதியம் செத்துப்போனது.

"புள்ளி அழிஞ்சு போச்சு அண்ணி. அதான் மாறிப்போச்சு" என்றேன். அண்ணி திட்டியிருந்தால் நான் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் நொய்யையே பார்த்துக்கொண்டிருந்தாள். நொய் எழுந்து, தன் அடியில் பார்த்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்து பார்த்தாள். அன்று முழுக்க அப்படியே இருந்தாள். அண்ணி பொழுது சாயும்வரை கீழே இறங்கவில்லை.

இறங்கும்போது படியில் உட்கார்ந்தபடி சொன்னாள்: "எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன், இதுக்குப் பாசம் இல்லைன்னு. பாசம் இருந்துச்சுடீ. வாய்தான் இல்ல. அந்த வாயை எடுத்தது நான்."

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "நான் வாயில்லாதவங்களுக்கு வாய் செஞ்சு தர்றேன். நீங்க இருக்கற வாயை எடுத்துட்டீங்க. நல்ல ஜோடிதான் நாம" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணி அழுதாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் பக்கத்துப் படியில் உட்கார்ந்து அவள் காலில் அரிக்கிற இடத்தில் ஊசியால் சொறிந்துவிட்டேன். வேறென்ன செய்ய?

கட்டுப் பிரித்த மறுநாள் அண்ணி நொய்யின் ஜோடியைப் பிரித்தாள். சாம்பல் நிற ஆயா ஆணைக் கொண்டுவந்து நொய்யோடு விட்டாள். இதைக் கேட்டு சங்கத்தில் எல்லாரும் மூக்கில் விரலை வைத்தார்கள். தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர், போட்டியில் அலகை அளந்து தீர்ப்புச் சொல்பவரும் அவர்தான்.

"மேடம், இருபது வருஷ ரத்தம். கலந்துட்டா திரும்ப எடுக்க முடியாது. யோசிச்சுத்தான் செய்றீங்களா?"

"இருபது வருஷமா யோசிக்காமத்தான் சார் செஞ்சேன். இப்பத்தான் யோசிக்கிறேன்."

அவர் அலமாரியில் இருந்த கோப்பைகளைப் பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

அந்த வருஷம் அண்ணி போட்டிக்குப் போகவில்லை. ஆயா வளர்த்துக் கொடுத்த நொய்யின் குஞ்சுகளில் பாதி சாம்பல், பாதி அழுக்கு வெள்ளை. தலை நீண்டு, மார்புச் சுருள் கலைந்து, பார்க்கச் சகிக்கவில்லை. நான் இதைச் சொல்லிக் காட்டவும் தவறவில்லை. ஒரே ஒரு பெண் மட்டும் தேன் நிறச் சிறகோடும், ஓரளவு உருண்ட தலையோடும் வந்தது. அலகு நொய்யைவிட நீளம். நொய்யின் மகள் என்பதால் அதற்கு அரிசி என்று பேர் வைத்தேன். அண்ணி சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

போன மாதம் போட்டி. அண்ணி அரிசியைக் கூண்டோடு கொண்டுபோனாள். கூண்டுக்குள் அரிசியின் ஆறு நாள் குஞ்சுகள் இரண்டும் இருந்தன. நீள நீளமான மேஜைகள், வரிசையாகக் கூண்டுகள், ஒவ்வொரு கூண்டிலும் அலகே இல்லாத அழகிகள். அவர்களுக்கு நடுவில் நம் அரிசி, கல்யாண வீட்டுக்குச் சமையல் வேலைக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். தலைவர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். நானும் லேபில் அதே கருவியால்தான் பல் அளக்கிறேன். பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். நாலு மில்லிமீட்டர் கூடுதல். அவர் வருத்தத்தோடுதான் 'தகுதி இல்லை' என்ற அட்டையைக் கட்டினார்.

"அழகு போயிடுச்சே மேடம்."

"எது அழகுன்னு அந்தப் புத்தகத்துல எழுதினது நான்தானே சார்? தப்பா எழுதிட்டேன். திருத்தணும்."

சாயங்காலம் உறுப்பினர் கூட்டத்தில் அண்ணி எழுந்தாள். கணுக்கால் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். தன் பழைய வரியை அடித்துவிட்டு, 'தன் குஞ்சுக்குத் தானே ஊட்டும் பறவையே போட்டிக்குத் தகுதி' என்று எழுத வேண்டும் என்றாள். நொய் இரண்டு நாள் ஊட்டப் பார்த்த கதையை எதையும் மறைக்காமல் சொன்னாள். "நீங்க யாரும் இதைப் பாத்திருக்க மாட்டீங்க. நானும் பாத்ததில்ல. முட்டையை அவ்வளவு சீக்கிரம் மாத்திடறோம்" என்றாள். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். எதிராக முப்பத்தொன்று. ஆதரவாக நாலு. நானும் தூக்கினேன், உறுப்பினர் இல்லை என்று இறக்கச் சொல்லிவிட்டார்கள்.

பதினொரு கோப்பை வாங்கிய அதே மண்டபத்தில், தன் சிஷ்யர்களே தனக்கு எதிராகக் கை தூக்கி நிற்க, அண்ணி அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து, "சரி, அடுத்த வருஷம் திரும்பக் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். இதற்கு மேல் நாத்தனார் வேலையை நான் எப்படிப் பார்ப்பது? இவள் எங்கள் வீட்டுக்கு வந்தவள் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

வெளியே வந்தால் அரிசியின் கூண்டைச் சுற்றிக் கூட்டம். அரிசி இரண்டு குஞ்சுகளுக்கும் ஒரே நேரத்தில் ஊட்டிக்கொண்டிருந்தாள். 'தகுதி இல்லை' அட்டை அவள் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் தலைவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்ப்பது மாதிரி நடித்தார்.

வீட்டுக்கு வந்தபோது மாடியில் இன்னும் வெயில் இருந்தது. நொய்க்கு இப்போது ஜோடி கிடையாது, வயசும் ஆகிவிட்டது. ஆனாலும் முட்டையிட்டிருந்தாள், வழக்கம்போல் என் மாவு முட்டைகளின் மேல் பதினேழு நாளாக உட்கார்ந்திருந்தாள். அண்ணி அரிசியின் குஞ்சுகளில் ஒன்றை எடுத்து அதன் கழுத்துப்பையை விரலால் தடவிப் பார்த்தாள். புடைத்துக்கொண்டு நிறைந்திருந்தது. நேராக நொய்யின் பெட்டிக்குப் போனாள். ஒரு கையால் இரண்டு முட்டைகளையும் உருவி என்னிடம் நீட்டிவிட்டு, மறு கையால் குஞ்சை நொய்யின் அடியில் வைத்தாள்.

நொய் சட்டென்று எழுந்து கீழே பார்த்தாள். குனிந்து அலகைத் திறந்தாள். ஆனால் வயிறு நிறைந்த குஞ்சு வாயைத் தேடவில்லை, அவள் மார்புக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டது. நொய் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அப்புறம் தாடையால் குஞ்சை உள்ளே தள்ளிக்கொண்டு மெதுவாக அதன் மேல் உட்கார்ந்தாள்.

"ஊட்டறது அரிசி பாத்துக்குவா. இவ அணைச்சுக்கிட்டா போதும்" என்றாள் அண்ணி.

என் கையில் முட்டைகள் நொய்யின் சூட்டோடு இருந்தன. திருப்பிப் பார்த்தேன். இரண்டின் அடியிலும் பென்சில் புள்ளி. நான் வைத்ததல்ல.

"அண்ணி, அன்னைக்குப் புள்ளி அழியல. நான் வெக்கவே இல்ல."

"தெரியும். அன்னைக்கே தேய்ச்சுப் பாத்தேன், பென்சில் தடமே இல்ல."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேக்கறதுக்கு நல்லா நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி வெச்சிருந்தேன். ஆனா நீ புள்ளி வெச்சிருந்தா, இவ ஊட்டப் பாத்ததை நான் சாகற வரைக்கும் பாத்திருக்க மாட்டேன். ஒரு குஞ்சு செத்துப்போனதுக்கு உனக்கு நன்றி சொல்லவும் முடியல, திட்டவும் முடியல." அண்ணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். "ரெண்டு மணி நேரத்துல அதுக்குப் பசிக்கும். எடுத்துட்டுப் போய் அது அம்மாகிட்ட விட்டு, ஊட்டினதும் திரும்ப இவகிட்ட கொண்டு வரணும். நீதான். மறந்துடாத."

"மறக்க மாட்டேன் அண்ணி."

அவள் ஒவ்வொரு படியாக இறங்குகிற சத்தம் கேட்டது. நான் பெட்டிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். குஞ்சு தூங்கிவிட்டது. நொய் தூங்கவில்லை.